பொன்னேரியில் பூத்த தொட்டிச் செடி பழவேற்காட்டில் ஏன் கருகுகிறது?

பொன்னேரி நர்சரியில் வாங்கும்போது தொட்டி கொள்ளாமல் பூ. சுமார் இருபது கிலோமீட்டர் தள்ளி, லைட்ஹவுஸ் குப்பத்து வீட்டு வாசலில் கம்பி போட்டு மாட்டிய மூன்றாவது வாரம் இலை ஓரமெல்லாம் பழுப்பு. நான்காவது வாரம் மொட்டு உதிர்கிறது. ‘வெயிலு ஜாஸ்தி, தண்ணி பத்தலை போல’ என்று இன்னும் ஒரு சொம்பு சேர்த்து ஊற்றுவார்கள். செடி முன்னைவிட வேகமாகக் கருகும்.

அந்தக் கூடுதல் சொம்பில்தான் விஷயம் இருக்கிறது. பழவேற்காட்டுக் குப்பங்களில் தொங்கும் தொட்டிச் செடிகள் பெரும்பாலும் வெயிலால் சாவதில்லை, உப்பால் சாகின்றன. அந்த உப்பை நாமே தினமும் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீரோடு ஊற்றிக்கொண்டிருக்கிறோம்.

இந்தப் பகுதியில் செடியைத் தொங்கவிடுவதற்கு அழகு மட்டும் காரணமில்லை. வாசலில் மண் கிடையாது, மணல்தான். அந்த மணலிலும் உப்பு. இருக்கிற கொஞ்ச இடத்தில் வலை காய வேண்டும், ஐஸ் பெட்டி வைக்க வேண்டும், கருவாடு பரப்ப வேண்டும். தரையில் எது முளைத்தாலும் ஆடு விடாது. ஐப்பசி, கார்த்திகையில் தெருவில் தண்ணீர் நின்றால் தரையில் இருக்கும் தொட்டி முழுகும். ஆகவே கூரை விளிம்புக் கம்பியும் சன்னல் கிராதியும்தான் இங்கே தோட்டம். ஒரு கொடியைத் தொங்கவிட்டுப் பூக்கவைக்க முடியுமா என்றால் முடியும். ஆனால், பெங்களூரு பால்கனியை மனதில் வைத்துச் சொல்லும் யூடியூப் யோசனைகள் இங்கே பலிக்காது. அவற்றில் உப்பு என்ற சொல்லே வராது.

இந்தத் தண்ணீரில் என்ன இருக்கிறது?

ஒடிசாவின் சிலிகாவுக்கு அடுத்தபடியாக நாட்டின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி பழவேற்காடு. பெரும்பகுதி ஆந்திரத்திலும் தென்முனை திருவள்ளூர் மாவட்டத்திலும் இருக்கிறது. தெற்கே ஆரணியாறு, வடக்கே காளங்கியும் சொர்ணமுகியும் நன்னீர் கொண்டுவருகின்றன. முகத்துவாரம் வழியாகக் கடல் உள்ளே வருகிறது. மழைக்காலத்தில் ஆற்று முகங்களில் ஏரி நீர் கிட்டத்தட்ட நன்னீராகவே இருக்கும். கோடையில் ஆறு வற்றி, முகத்துவாரம் மணலால் அடைபட்டு, ஆழம் குறைந்த ஏரி வெயிலில் காயும்போது சில இடங்களில் கடலைவிட உப்பு ஏறிவிடும்.

இந்த ஏரிக்கும் கடலுக்கும் நடுவே இருக்கும் மணல்திட்டுக் குப்பங்களில் நிலத்தடி நன்னீர் என்பது மழை விட்டுப்போன மெல்லிய அடுக்கு மட்டுமே. நன்னீர் லேசானது என்பதால் உப்புநீரின் மேல் மிதந்து நிற்கிறது. மேலே இருப்பதை இறைத்துவிட்டால் கீழே இருப்பது ஏறி வரும். தை மாதத்தில் குடிக்க முடிகிற ஊற்று சித்திரையில் கரிப்பது அதனால்தான். கொஞ்சம் தெற்கே மீஞ்சூர்ப் பக்கம் 1960-களின் இறுதியிலேயே கடல்நீர் நிலத்தடியில் புகுந்தது பதிவாகியிருக்கிறது. அங்கே அதிகம் இறைத்ததுதான் காரணம்.

இனி ஒரு சின்னக் கணக்கு. தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளின் மொத்த அளவை டிடிஎஸ் என்கிறோம். இந்தியத் தர நிர்ணய அமைப்பின் குடிநீர் விதிப்படி ஒரு லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது. வேறு நீர் கிடைக்காத இடத்தில் 2,000 வரை அனுமதி உண்டு. உங்கள் வீட்டுத் தண்ணீர் நடுவாந்தரமாக 1,500 என்று வைத்துக்கொள்வோம். வாயில் வைத்தால் லேசாகக் கரிக்கும், அவ்வளவுதான்.

பத்து அங்குலத் தொங்கும் தொட்டியில் சுமார் 5 லிட்டர் மண்கலவை பிடிக்கும். கோடையில் அதற்குத் தினம் அரை லிட்டராவது வேண்டும். அரை லிட்டரில் முக்கால் கிராம் உப்பு. மார்ச் தொடங்கி ஜூன் முதல் வாரம் வரை மழை இல்லாத நூறு நாளில் 75 கிராம். ஒரு லிட்டர் கடல்நீரில் உப்பு சுமார் 35 கிராம். அதாவது, அடியில் சொட்டாதபடி பார்த்துப் பார்த்து ஊற்றினால், அந்த 5 லிட்டர் தொட்டிக்குள் இரண்டு லிட்டர் கடல்நீரின் உப்பு சேர்ந்துவிடுகிறது. இலை வழியாகவும் காற்று வழியாகவும் தண்ணீர் மட்டும் ஆவியாகப் போகும். உப்பு எங்கேயும் போகாது.

தரையில் வைத்த தொட்டியைவிடத் தொங்கும் தொட்டியில் இது வேகமாக நடக்கிறது. நாலாபக்கமும் அடியிலும் காற்று படுகிறது, கடற்காற்று வேறு சும்மா இருப்பதில்லை. சீக்கிரம் காய்கிறது, அதனால் அதிகம் ஊற்றுகிறோம், அதனால் அதிக உப்பு. தொட்டி விளிம்பிலும் மண் மேலும் வெள்ளையாகப் பூத்து நிற்கும் படிவம் இதன் அடையாளம். பூஞ்சை என்று நினைத்து மருந்து அடிப்பவர்கள் உண்டு. நாக்கில் வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும்.

உப்பு செடியை என்ன செய்கிறது என்று கருவாடு போடுகிறவர்களுக்கு விளக்க வேண்டியதே இல்லை. மீனில் உப்பைத் தேய்த்தால் மீனுக்குள் இருக்கும் தண்ணீர் வெளியே வருகிறது. அதேதான் வேரிலும். மண்ணில் உப்பு ஏறினால், ஈரம் இருந்தும் வேரால் அதை உறிஞ்ச முடியாது. மண் நனைந்தே இருக்கும், செடி தாகத்தில் வாடும். மிச்சம் உறிஞ்சுகிற கொஞ்ச நீரோடு போகும் உப்பு இலை நுனியிலும் ஓரத்திலும் தங்கி அங்கிருந்து கருகத் தொடங்கும். வெயிலில் வாடும் செடி மாலையில் நிமிர்ந்துவிடும். உப்பில் வாடுவது நிமிராது.

கரையிலேயே இருக்கும் கொடிகள்

நர்சரிக்குப் போகும் முன் வீட்டுக்குக் கிழக்கே கடற்கரை வரை நடந்துபார்க்கலாம். மணல்மேட்டில் ஆட்டுக் குளம்புபோல் இரண்டாகப் பிளந்த இலையும் ஊதா கலந்த ரோஜா நிறப் பூவுமாகப் படர்ந்து கிடக்கும் கொடி அடும்பு. அதன் அறிவியல் பெயரிலேயே ஆட்டுக்கால் என்ற பொருள் இருக்கிறது. சங்கப் பாடல்களின் நெய்தல் நிலத்தில் அடிக்கடி வரும் கொடி இது. பூ காலையில் விரிந்து, வெயில் ஏறினால் சுருங்கிவிடும். உப்புச் சாரல், சுடுமணல், சத்தில்லாத மண் எல்லாம் அதற்குப் பழக்கம்.

ஆனால் அடும்பு சின்னத் தொட்டிக்கு ஏற்றது இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். மணலில் பத்து மீட்டரைத் தாண்டி ஓடக்கூடிய கொடி அது. பத்து அங்குலத் தொட்டியில் வைத்தால் இலை விடும், பூ குறையும். உடைந்த மீன் கூடை, இருபது லிட்டர் பெயின்ட் வாளி மாதிரி பெரிய கலத்தில், நாள் முழுக்க வெயில் படும் உயரத்தில் வைத்து, ஓடும் நுனிகளை அவ்வப்போது கிள்ளிவிட்டால் திரைபோலத் தொங்கும். மணல்மேட்டிலிருந்து வேரோடு பிடுங்கி வரவேண்டாம். காற்றிலும் அலையிலும் அந்த மேடு கரையாமல் பிடித்துவைத்திருப்பதே இந்தக் கொடிதான். மேட்டுக்குப் பின்னால் இருப்பது உங்கள் வீடு. பறவைகள் சரணாலய எல்லைக்குள் என்றால் 1972-ம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டமும் குறுக்கே நிற்கும். கரையில் காய்ந்து கிடக்கும் காய்களைப் பொறுக்கினாலே போதும். விதையின் தோல் கெட்டி. கடலில் மிதந்து ஊர் ஊராகப் போய் முளைக்கிற விதை அது. தரையில் ஒரு பக்கம் உரசி, ஓர் இரவு ஊறவைத்து நட்டால் சீக்கிரம் முளைக்கும்.

சின்னத் தொட்டிக்கு என் முதல் தேர்வு வங்கராவாசி. ஏரியோரச் சேற்றில், உப்பு வெள்ளையாகப் படிந்த இடத்தில்கூடச் சிவந்த தண்டும் தடித்த இலையுமாகப் படர்ந்திருக்கும். ஓர்பூடு என்றும் சொல்வார்கள். தினம் பார்த்துக்கொண்டே கடந்துபோகிறோம், அது பூச்செடி என்று யாரும் நினைப்பதில்லை. நட்சத்திர வடிவத்தில் சின்னச் சின்ன ரோஜா நிறப் பூக்கள், ஒவ்வொன்றும் சில மணி நேரம்தான் விரியும், ஆனால் வரிசையாக வந்துகொண்டே இருக்கும். விரல் நீளத் துண்டு ஒன்றை ஈர மணலில் செருகினால் வேர்பிடித்து, தொட்டி விளிம்பைத் தாண்டி வழியத் தொடங்கும். உப்பை அது சகித்துக்கொள்வதோடு நிற்பதில்லை, உறிஞ்சித் தன் உடம்பிலேயே சேர்த்துக்கொள்கிறது. அண்ணாமலைப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2007-ல் வெளியிட்ட ஆய்வில், ஒரு ஹெக்டேர் உவர்நிலத்திலிருந்து இந்தச் செடி நான்கு மாதத்தில் 474 கிலோ சோடியம் குளோரைடை எடுக்க முடியும் என்று கணக்கிட்டார்கள். இலையைக் கடித்துப் பார்த்தால் உப்புக் கரிக்கும்.

பளபளப்பான நிறம்தான் வேண்டும் என்றால் டேபிள் ரோஸ், அதாவது பத்து மணிப் பூ. தென் அமெரிக்காவிலிருந்து வந்த செடி என்றாலும் உப்பையும் வறட்சியையும் ஓரளவு நன்றாகவே தாங்கும். தடித்த இலையில் தண்ணீர் சேமித்துக்கொள்கிறது. மண் மிகவும் காய்ந்தால் பகலில் இலைத் துளைகளை மூடிக்கொண்டு இரவில் காற்றை உள்ளே இழுக்கும் முறைக்குக்கூட மாறிக்கொள்ளும். காசு கொடுத்து வாங்க வேண்டியதில்லை, பக்கத்து வீட்டில் நாலு தண்டு கிள்ளி வாங்கினால் போதும். நிழலில் தொங்கவிட்டால் மட்டும் பூக்காது. ‘செடி நல்லாத்தான் இருக்கு, பூவே காணோம்’ என்றால் இடத்தை மாற்றுங்கள்.

காகிதப்பூவும் கடலோரத்துக்கு ஏற்றதே. கிளை வளைந்து தொங்கும் ரகங்களை உயரத்தில் வைக்கலாம். வேர் நெருக்கப்பட்டு, தண்ணீர் கொஞ்சம் குறைந்தால்தான் அது அள்ளிப் பூக்கும் என்பதால் நம் ஊர்த் தண்ணீர்க் கஷ்டத்துக்கும் அதற்கும் ஒத்துப்போகும். ஆனால் பக்கத்தில் வலை காயவைப்பவர்கள் யோசிக்க வேண்டும், முள்ளில் வலை மாட்டினால் அன்றைக்குப் பூவை யாரும் ரசிக்க மாட்டார்கள். சங்குப்பூ மேலே ஏறும் கொடி, விட்டால் கீழேயும் தொங்கும். உப்பு மிதமாக இருக்கும் தண்ணீரில் தாக்குப்பிடிக்கும்.

பெட்டூனியா வேண்டவே வேண்டாமா? மழை முடிந்த மார்கழியில் வாங்கி, மழைநீரையே ஊற்றி, மாசி வரை பார்த்துவிட்டு விடைகொடுக்கத் தயார் என்றால் வாங்கலாம். பங்குனிக்கு மேல் அதைக் காப்பாற்ற முயல்வது தண்ணீருக்குத்தான் நஷ்டம்.

ஒரு செடியை மட்டும் தவிர்த்துவிடுங்கள். மஞ்சள் நிறத்தில் குட்டிச் சூரியகாந்திபோலப் பூத்து அழகாக வழியும் வெடேலியா. உப்பைத் தாங்கும், வெயிலைத் தாங்கும், எதையும் தாங்கும் என்று நர்சரியில் புகழ்வார்கள். அத்தனையும் உண்மை, அதுதான் ஆபத்து. உலகின் மிக மோசமான 100 ஊடுருவும் உயிரினங்கள் பட்டியலில் இடம்பெற்ற செடி அது. ஒடிந்து விழும் ஒரு கணுகூட வேர்பிடிக்கும். ஏரியோரத்தில் இறங்கிவிட்டால் அடும்புக்கும் வங்கராவாசிக்கும் இடம் இருக்காது. நம் மருந்துச் செடியான மஞ்சள் கரிசலாங்கண்ணி இதற்கு நெருங்கிய சொந்தம், பார்வைக்கும் கிட்டத்தட்ட ஒரே சாடை. ஏமாறாமல் கேட்டு வாங்க வேண்டும்.

தொட்டியும் மண்ணும்

தொங்கும் தொட்டி எடை குறைவாக இருக்க வேண்டும் என்பதால் எல்லோரும் தென்னை நார்க்கழிவைச் சேர்க்கச் சொல்கிறார்கள். சரிதான். ஆனால் நார்க்கழிவிலேயே இயல்பாக உப்பு உண்டு. உவர்நீரில் ஊறிய மட்டையிலிருந்து வந்தது என்றால் இன்னும் அதிகம். கட்டியாக வரும் கோகோபீட்டை நல்ல தண்ணீரில் ஊறவைத்துப் பிழிந்து, இரண்டு மூன்று தடவை தண்ணீரைக் கொட்டிவிட்டுத்தான் பயன்படுத்த வேண்டும். பொட்டலத்தில் ‘லோ இசி’ என்று எழுதியிருந்தால் ஏற்கெனவே கழுவியது என்று பொருள். கழுவிய நார்க்கழிவு இரண்டு பங்கு, செம்மண் ஒரு பங்கு, மண்புழு உரம் ஒரு பங்கு. அடும்புக்கும் வங்கராவாசிக்கும் இதில் பாதி மணல் இருந்தாலும் சந்தோஷம்தான். மற்றவற்றுக்குக் கடல் மணல் வேண்டாம்.

கலத்துக்குக் குப்பத்தில் பஞ்சமில்லை. பழைய நைலான் வலைத் துண்டைப் பைபோல முடிச்சுப் போட்டு, உள்ளே தேங்காய் நாரைக் கெட்டியாகப் பரப்பிக் கலவையை நிரப்பினால் கடையில் விற்கும் கூடைகளைவிட உறுதியானது கிடைக்கும். முடிச்சுப் போடத் தெரியாத வீடு இங்கே உண்டா என்ன! கரையில் கிடந்து நண்டையும் ஆமையையும் சிக்கவைக்கும் வலைத் துண்டுகளுக்கும் ஒரு வேலை ஆகும். ஐஸ் பெட்டி தெர்மாகோல் வெப்பத்தை உள்ளே விடாது, வேருக்கு நல்லது. ஆனால் வெயிலில் பொரிந்து உருண்டை உருண்டையாக உதிர ஆரம்பித்ததும் தூக்கிவிட வேண்டும். காற்று அதை ஏரியில் சேர்க்கும், மீன் இரை என்று விழுங்கும். கறுப்பு பிளாஸ்டிக் தொட்டி மேற்கு வெயிலில் வேரை வேகவைக்கும். பழவேற்காட்டு இஸ்லாமியப் பெண்கள் பின்னும் பனையோலைக் கூடையை அதற்கு மேலுறையாகப் போட்டால் சூடு தணியும், பார்க்கவும் லட்சணமாக இருக்கும். ஓலைக்குள் நேரடியாக மண் போட்டால் மக்கிவிடும்.

யாருடைய குடத்துத் தண்ணீர்?

தண்ணீர்க் கணக்கைப் பேசாமல் இந்த ஊரில் பூச்செடி பேசக் கூடாது. ஐந்து தொட்டிக்குத் தினம் அரை லிட்டர் என்றாலே வாரத்துக்குப் பதினேழு, பதினெட்டு லிட்டர். ஒரு பிளாஸ்டிக் குடத்துக்கும் மேல். அந்தக் குடத்தை வரிசையில் நின்று நிரப்பி இடுப்பில் சுமப்பது பெரும்பாலும் வீட்டுப் பெண்கள். குடிநீரைப் பூவுக்கு ஊற்றச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. வேறு வழிகள் இருக்கின்றன.

அரிசி, பருப்பு, காய்கறி கழுவிய தண்ணீர் நல்ல தண்ணீர், தாராளமாக ஊற்றலாம். மீன் கழுவிய முதல் தண்ணீரில் ஏரியின் உப்பு இருக்கும், அது வேண்டாம். சோப்புத் தண்ணீரில் சோடியம், அதுவும் வேண்டாம். ஆர்ஓ இயந்திரம் கழித்துவிடும் தண்ணீரைச் செடிக்கு விடுவது நகரத்தில் நல்ல பழக்கமாகச் சொல்லப்படுகிறது. இங்கே அது தலைகீழ். ஏற்கெனவே கரிக்கும் நீரிலிருந்து நல்லதை எடுத்துக்கொண்டு மிச்ச உப்பையெல்லாம் ஒன்றுதிரட்டித் தருவது அந்தக் குழாய்தான்.

எப்போதாவது ஒருமுறை தொட்டியிலிருந்து உப்பை வெளியேற்றியே ஆக வேண்டும். அதற்கு ஒரே வழி, அடித்துளை வழியாக வழியும் அளவுக்கு ஊற்றுவது. தினம் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளிப்பதைவிட, ஒருநாள் விட்டு ஒருநாள் ஊற்றியதில் ஐந்தில் ஒரு பங்கு கீழே வரும்படி ஊற்றுவது நல்லது. வீணாகிறதே என்று தோன்றினால் தொட்டிகளை அடுக்காகத் தொங்கவிடுங்கள். மேலே டேபிள் ரோஸ், அதன் நேர் கீழே வங்கராவாசி. மேலிருந்து சொட்டும் உப்புநீர் கீழே இருக்கும் செடிக்குச் சாப்பாடு. பேனா வடிவ டிடிஎஸ் மீட்டர் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. தெருவுக்கு ஒன்று இருந்தாலே போதும், ஊற்றும் தண்ணீரையும் சொட்டும் தண்ணீரையும் அளந்து பார்த்தால் தொட்டிக்குள் என்ன நடக்கிறது என்று கண்ணால் தெரியும்.

முழுதாகக் கழுவ, தொட்டிக் கொள்ளளவில் இரண்டு மடங்கு நல்ல தண்ணீர் வேண்டும். 5 லிட்டர் தொட்டிக்கு 10 லிட்டர். கோடையில் யார் கொடுப்பார்கள்? வடகிழக்குப் பருவமழை கொடுக்கும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை பெய்யும் மழைதான் இங்கே ஆண்டு மழையில் பெரும்பங்கு. அந்த நேரத்தில் ‘செடி அழுகிடும்’ என்று தொட்டிகளைத் தாழ்வாரத்துக்குள் மாற்றுவது வழக்கமாக இருக்கிறது. அடித்துளை அடைபடாமல் இருந்தால் அழுகாது. இரண்டு மூன்று நல்ல மழையில் நனையவிடுங்கள், வருஷத்து உப்பெல்லாம் இறங்கிவிடும். கூரைத் தகட்டின் கீழ் ஒரு டிரம் வைத்தால் கோடைக்கும் கொஞ்சம் சேரும். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை என்றால் ஒரு லிட்டர். பத்து சதுர மீட்டர் தகட்டில் 20 மில்லிமீட்டர் பெய்தால் 200 லிட்டர், ஒரு டிரம் நிறைந்துவிடும். முதல் மழையை விட்டுவிட்டுப் பிடிக்க வேண்டும், தகட்டில் படிந்த கடல் உப்பு அதில்தான் கரைந்து வரும். கொசு புகாமல் மூட வேண்டும்.

உரம் விஷயத்திலும் அதே கதை. டிஏபியும் உப்புதான், ஒரு பிடி போட்டால் ஒரு பிடி உப்பு. மீன் கழிவுக்குப் பஞ்சமில்லாத ஊரில் மீன் அமிலம் போதும். கழிவும் நாட்டுச் சர்க்கரையும் சம எடை, காற்றுப் புகாத வாளியில் மூன்று வாரம் நொதிக்கவிட்டு வடிகட்டி, ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஐந்து மில்லி கலந்து பதினைந்து நாளுக்கு ஒருமுறை ஊற்றலாம். குடல், செவுள் எல்லாவற்றையும் நல்ல தண்ணீரில் ஒருமுறை அலசிவிட்டுப் போட வேண்டும். கருவாட்டுக் கழிவைச் சேர்க்கவே கூடாது.

கடலைப் பார்த்த வீடுகளில் கிழக்குப் பக்கம் மாட்டும் தொட்டியில் உப்புச் சாரல் இலையிலேயே படியும். அந்தப் பக்கத்துக்கு அடும்பு, வங்கராவாசி. டேபிள் ரோஸும் சங்குப்பூவும் ஏரியைப் பார்த்த மேற்குப் பக்கம். பலத்த காற்று அடித்த மறுநாள் காலையில் ஒரு சொம்பு நல்ல தண்ணீரை இலை மேல் தெளித்துவிட்டால் பாதி கருகல் குறையும்.

நனைந்த 5 லிட்டர் தொட்டி ஐந்து கிலோவுக்குக் குறையாது. புயல் காற்றில் அது கல். 2016 டிசம்பரில் வர்தா, 2023 டிசம்பரில் மிக்ஜாம் என்று திருவள்ளூர்க் கரை பார்த்த புயல்கள் செடிகள் செழித்து நிற்கும் மாதத்தில்தான் வந்தன. துறைமுகத்தில் எச்சரிக்கைக் கூண்டு ஏறியதும், படகை மேட்டுக்கு இழுக்கும் அன்றே, தொட்டிகளையும் கம்பியிலிருந்து கழற்றி வீட்டுக்குள் சுவரோரமாகத் தரையில் வைத்துவிடுங்கள். காற்று ஓய்ந்து மறுபடி மாட்டும்போது கொக்கியை ஒருமுறை பார்க்க வேண்டும். உப்புக்காற்றில் சாதா இரும்புக் கம்பி ஒரு வருஷத்தில் துருப்பிடித்து இற்றுப்போகும். படகுக்குக் கட்டும் நைலான் கயிறு அதைவிட நாள்படும்.